நடுவட்டத்துக்குப் பெண் கேட்டு வந்த எழுத்தாளர்

1

போன வாரம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கத் தலைநகரத்துக்குப் போயிருந்தேன். கென்யாவுக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கேயே வேலை, இங்கேயே கல்யாணம், இங்கேயே பிள்ளை. இருந்தாலும் அவ்வப்போது போய், "ஐயா, நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்" என்று ஒருத்தரிடம் சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கிறது. போட்டோவில் காது தெரியவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை காதைக் காட்டினேன், கம்மல் கூடாது என்றார்கள். நம்ம ஊர் தாலுகா ஆபீசில் பழகியவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்ன?

இந்தத் தடவை கவுண்ட்டரில் இருந்த இளைஞர் என் வீட்டுக்காரர் பெயரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "கிப்டூ, ஜெரோனோவின் மகன் என்று போட்டிருக்கிறதே, எழுத்தாளர் ஜெரோனோவா?" என்று கேட்டார்.

"ஆமாம். என் மாமியார்" என்றேன்.

மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் அவர் புத்தகத்தை ஆசிரியர் வாசிக்க வாசிக்க வகுப்பே சிரித்ததாம், கடைசிப் பக்கத்தில் அத்தனை பேரும் அழுதார்களாம். சொல்லிவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினார். காது, கம்மல் ஒன்றும் பார்க்கவில்லை. மாமியார் பெயரைச் சொல்லி மருமகளுக்குக் காரியம் நடந்தது என்றால் எங்க ஊர் நடுவட்டத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

மாமியார் போய்ச் சேர்ந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம். இங்கே பத்திரிகைகளில் நிறைய எழுதுகிறார்கள். தன் தாய்மொழியில் முதன்முதலாக நாவல் எழுதிய பெண், முன்னோடி, இப்படியெல்லாம். அத்தனையும் உண்மை. ஆனால் அவர் நடுவட்டத்துக்கு வந்து ஒரு நாள் முழுக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இங்கே யாருக்கும் தெரியாது. நீலகிரியில் இருக்கிறவர்களுக்கும் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

முதலில் அவரைப் பற்றிக் கொஞ்சம்.

வெள்ளைக்காரன் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர் ஜெரோனோ. அம்மா கொழுந்து பறிக்கிறவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து டீச்சர் ஆனார். கல்யாணமாகி, கையில் பிள்ளையோடு சின்ன வயசிலேயே புருஷனைப் பறிகொடுத்தார். அந்தக் காலத்தில் அவர்கள் பக்கத்து வழக்கம், செத்தவனுடைய தம்பியோ அண்ணனோ அந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்வது. இவர் மாட்டேன் என்றார். மாட்டேன் என்றவளுக்குச் சொந்தத்தில் சோறு கிடையாது, ஊரில் பேச்சு கிடையாது. சரி, நீங்கள் பேசாவிட்டால் போங்கள் என்று எழுத உட்கார்ந்துவிட்டார்.

அந்த மொழியில் அதுவரை பைபிளும் பாட்டுப் புத்தகமும்தான் அச்சில் இருந்தனவாம். பெண்பிள்ளை எழுதின கதையை எவன் வாங்குவான் என்று கேட்டவர்களிடம், "நான் விற்கிறேன், நீங்கள் அச்சடியுங்கள்" என்றிருக்கிறார். சந்தை நாளில் கூடையில் புத்தகத்தை அடுக்கிக்கொண்டு, வாழைக்காய் விற்கிற பெண்களுக்கு நடுவில் நின்று முதல் அத்தியாயத்தைச் சத்தமாக வாசிப்பாராம். இரண்டாவது அத்தியாயம் வேண்டுமானால் புத்தகம் வாங்கு. படிக்கத் தெரியாதவர்களும் வாங்கிக்கொண்டு போய் மகனை விட்டு வாசிக்கச் சொன்னார்களாம்.

இதையெல்லாம் இவள் எழுதியிருக்க முடியாது, செத்துப்போன புருஷன் எழுதி வைத்ததைத் தன் பெயரில் போட்டுக்கொண்டாள் என்று ஊர் ஆம்பிளைகள் சொன்னார்கள். அடுத்த வருஷம் இரண்டாவது புத்தகம் வந்தது. "என் புருஷன் நல்ல உழைப்பாளி, குழிக்குள்ளே போயும் எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று சந்தையில் சொல்லிச் சொல்லி விற்றாராம். கிப்டூ இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் வாய்விட்டுச் சிரிப்பேன். அப்புறம் கொஞ்ச நேரம் மனசுக்கு ஒருமாதிரி இருக்கும்.

3

நான் நடுவட்டத்துக்காரி, பெயர் சுமதி. ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற பஸ்ஸில் நீங்கள் போயிருந்தால் எங்க அம்மா கையால் ஒரு டீயாவது குடித்திருப்பீர்கள். ரோட்டோரத்தில் தகரக்கூரை போட்ட கடை, பின்னாலேயே ஊடு. அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். டீ, வர்க்கி, பஜ்ஜி விற்றே அம்மா என்னைக் கோயமுத்தூரில் காலேஜ் படிக்க வைத்தார். தேயிலை வாசமே வேண்டாமென்று ஓடினவளுக்குக் கென்யாவில் தேயிலை ஃபேக்டரியில்தான் வேலை கிடைத்தது. அதே குளிர், அதே மூடுபனி, அதே பச்சை. கிப்டூ அந்த ஃபேக்டரியில் என்ஜினியர்.

கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று முடிவானதும் ஊருக்குப் போன் பண்ணினேன். எடுத்தது கூடலூர் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் அவர் தீர்ப்புத்தான். நான் சொல்லி முடிக்கிறதுக்குள், "எங்களுக்குச் சம்மதமில்ல, இனி இந்த நெம்பருக்குக் கூப்பிடாதே" என்று வைத்துவிட்டார். அம்மாவிடம் போனைக் கொடுக்கவே இல்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் அம்மாவும் என்னோடு பேசவில்லை. வருஷங்கள் ஓடின. மகள் செபெட் பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். ஊரிலிருந்து வருகிற சேதியெல்லாம் ஊட்டியில் இருக்கிற தங்கச்சி முறையாகிற ஒருத்தி மூலமாகத்தான்.

அவளோடு பேசுவதிலும் ஒரு கூத்து நடந்தது. இங்கே அம்மாவை "மாமா" என்பார்கள், மாமியாரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். ஒருநாள் போனில், "மாமாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம்" என்றேன். அவள் பதறியடித்து ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கூடலூருக்கு ஓடியிருக்கிறாள். பெரிய மாமா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

அந்தத் தங்கச்சிதான் ஒருநாள் சொன்னாள், "பெரியம்மா ஒண்ணே ஒண்ணுதாங்க்கா சொல்லிட்டிருக்காங்க. 'எங்கிட்ட ஒரு வார்த்தை யாராச்சும் கேட்டாங்களா?'ன்னு."

இதை ஏதோ பேச்சுவாக்கில் மாமியாரிடம் சொன்னேன். அவர் தன் தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார். எத்தனை புத்தகம் எழுதினாலும் காலையில் அந்த அரை ஏக்கரைத் தானே பறித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். என் பேச்சைக் கேட்டதும் கையை நிறுத்தினார்.

"உன் அம்மா சொல்வது சரிதானே? கேட்கவில்லையே. எங்கள் வழக்கத்தில் பையனின் தாய் போய்ப் பெண்ணின் தாயிடம் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. அப்படியானால் உங்களுக்கு இன்னும் பாதிக் கல்யாணம்தான் ஆகியிருக்கிறது."

"இனிமேல் என்ன மாமா, பேத்தியே மூன்றாவது படிக்கிறாள்."

"அதனால் என்ன, நேரமாகிவிட்டது. அதைத்தானே நானும் சொல்கிறேன்" என்றார். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த மனுஷி. அந்த வாரமே பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

4

கிப்டூ வரக்கூடாதென்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். கேட்கிற இடத்தில் மாப்பிள்ளைக்கு வேலை இல்லையாம். செபெட்டையாவது கூட்டிப்போகலாம் என்றேன். "பேத்தியைக் காட்டிப் பெண் கேட்பது லஞ்சம்" என்றார். அந்தப் பிள்ளைக்கு ஊட்டியில் சாக்லேட் கிடைக்கும் என்பதைத் தவிர என் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தமிழில் "சாப்பிடு", "தூங்கு", "அடி வாங்குவே" மூன்றும் புரியும். பதில் இங்கிலீஷில் வரும். அவளை அன்று கூட்டிப்போகாதது எனக்குக் குறையாகவே இருந்தது.

கோயமுத்தூரில் இறங்கி, மலையேற ஈ-பாஸ் எடுத்து, செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் கூடாதென்றதும் தண்ணி பாட்டிலைக் கொடுத்துவிட்டு மேலே வந்தோம். குன்னூர் தாண்டியதும் மாமியார் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, "என்னை ஏமாற்றுகிறாயா? இது எங்கள் ஊர்" என்றார். ஊட்டி லாட்ஜில் வெளிநாட்டுக்காரருக்கென்று தனியாக ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். வந்த நோக்கம் என்ற இடத்தில் "பெண் கேட்க" என்று எழுதச் சொன்னார். நான் "சுற்றுலா" என்று எழுதினேன்.

அவர் கொண்டுவந்திருந்த சீர் என்ன தெரியுமா? தன் கையால் பறித்த தேயிலை ஒரு பை. நீலகிரிக்குத் தேயிலை! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். சொல்லியும் பார்த்தேன். "ஊசி நல்லதா என்று கொல்லனுக்குத்தானே தெரியும்" என்று பையை மடியில் வைத்துக்கொண்டார்.

பைக்காரா தாண்டிவிட்டோம், அடுத்து நடுவட்டம்தான். எங்க அம்மா பஸ்ஸுக்கு பஸ், ஜீப்புக்கு ஜீப், "வாங்க, வாங்க, என்ன சாப்பிடறீங்க?" என்று கூப்பிடுகிறவர். முன்பின் தெரியாத ஆளுக்கெல்லாம் நாள் முழுக்க "வாங்க" சொல்கிற அந்த வாய் என்னைப் பார்த்துச் சொல்லுமா?

சொல்லவில்லை.

5

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்றிருந்தார். தலையில் ஸ்கார்ஃப், மேலே ஸ்வெட்டர். மாமியாரும் தலையில் துணி கட்டி, கோட்டுப் போட்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி பஜ்ஜியைத் திருப்ப ஆரம்பித்தார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள்.

மாமியார் வாசலுக்கு வெளியே மழையிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். "கேட்கிறவள் வெளியேதான் நிற்க வேண்டும். நான் சொல்வதை அப்படியே சொல்" என்றார்.

இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். "என் பெயர் ஜெரோனோ. என் மகனுக்கு உங்கள் மகளைக் கேட்டு வந்திருக்கிறேன். முன்பே வந்திருக்க வேண்டும். வரவில்லை."

சொன்னேன். அம்மா நிமிரவே இல்லை. "அதான் கூட்டிட்டே போயாச்சே. இப்ப என்னத்தக் கேக்கறதுக்கு?" என்றார். அதையும் சொன்னேன்.

"கூட்டிப்போனது என் மகன். கேட்க வேண்டியவள் நான். எங்கள் வழக்கப்படி நீங்கள் இல்லை என்று சொன்னால், இவளை இங்கேயே உங்களிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் போவேன்."

இது எனக்கே புதுச்சேதி! அங்கே புருஷன், பிள்ளை, வேலை எல்லாம் இருக்கிறது. இங்கே அம்மா ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனுஷி நிஜமாகவே தனியாக விமானம் ஏறிவிடுவார். வாக்கு என்றால் வாக்குத்தான் அவருக்கு. அவர் வெறுங்கையோடு திரும்பிப் போன வீட்டில் நான் எந்த முகத்தோடு போய்க் குடித்தனம் பண்ணுவது? நான் மென்று முழுங்கி, "உன் சம்மதம் வேணுங்கறாங்கம்மா" என்றேன்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னது நீளம், நீ சொன்னது குட்டையாக இருக்கிறதே. மிச்சத்தையும் சொல்."

சொன்னேன். என் வழக்குக்கு நானே சாட்சி, நானே துபாஷி. ஒரு சொல்லையும் விடவில்லை.

அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்தார். முதல் தடவையாக மாமியாரை நேராகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "யோசிச்சுத்தான் சொல்லோணும். பொழுது சாயட்டும். அதுவரைக்கும் உள்ள வந்து உக்காரச் சொல்லு, வயசானவங்க நனையறாங்க பாரு" என்றார்.

எனக்கு அழுகையா கோபமா தெரியவில்லை. மாமியாருக்கோ அவ்வளவு சந்தோஷம். "உடனே சரி என்று சொல்லியிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். நல்ல தாய்" என்று பெஞ்சில் வசதியாக உட்கார்ந்துவிட்டார். தேயிலைப் பையை நான் மேசைமேல் வைத்தேன். அம்மா எடுத்து மோந்து பார்த்தார், ஒரு கை போட்டுக் கொதிக்க வைத்தார், டிரைவர் ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "நெறம் எறங்குது. மணம் நம்மளுதுக்கு வராது" என்று பொதுவாகச் சொன்னார். அதையும் மொழிபெயர்க்கச் சொல்லி மாமியார் படுத்தி எடுத்தார். கேட்டுவிட்டு, "உண்மைதான்" என்றார்.

மத்தியானத்துக்கு மேல் எஸ்டேட்டில் எடை போட்டுவிட்டுக் கொழுந்துப் பெண்கள் கடைக்கு வந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சம்பந்தியம்மா பொண்ணு கேட்டு வந்திருக்கிறார் என்றால் யாருக்குத்தான் கால் நகரும்? "ஏனுங்க, அங்கயும் ரெண்டு இலை ஒரு மொட்டுத்தானுங்களா?" என்றாள் ஒருத்தி. ஆமாம் என்று மாமியார் விரலைக் கிள்ளிக் காட்டினார். "அவங்க என்னங்க வேலை பாக்கறாங்க?" என்று இன்னொருத்தி கேட்டாள். கதை எழுதுகிறவர் என்றேன். அப்படியென்றால் ஒரு கதை சொல்லட்டும் என்றார்கள். அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்து கதை சொல்ல அவருக்கு வராது.

அவர் முதல் நாவலின் முதல் அத்தியாயத்தைத்தான் சொன்னார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். புருஷன் செத்த ஒரு பெண். அவளை யார் எடுத்துக்கொள்வது என்று ஆம்பிளைகள் மரத்தடியில் கூடிப் பேசுகிறார்கள். அவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோய் வைக்கிறவளும் அவள்தான். வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். "என்னப் பத்தித்தானே பேச்சு? என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க." அவர்கள் எழுந்து வேறு மரத்தடிக்குப் போனார்கள். இவளும் பானையைத் தூக்கிக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போனாள். அவர்கள் அடுத்த மரத்துக்குப் போனார்கள். இவளும் போனாள். புளியமரம், அத்திமரம் என்று எனக்குத் தெரிந்த மரங்களை எல்லாம் போட்டு நானும் நீட்டினேன். பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். கடைசியில் ஆற்றங்கரை வந்துவிட்டது. அதற்கு மேல் மரம் இல்லை. ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பானையை இறக்கி வைத்துவிட்டு, "இப்பக் கேளுங்க" என்றாள்.

"நெசமாவே நடந்ததுங்களா இது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இரண்டு மரம் நிஜம். மற்ற மரமெல்லாம் நான் நட்டது" என்றார் மாமியார்.

அப்போதுதான் தீய்ந்த வாடை வந்தது. எண்ணெய்ச் சட்டியில் பஜ்ஜி கருகிக்கொண்டிருந்தது. அம்மா கரண்டியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்க அம்மா பஜ்ஜியைக் கருகவிட்டு நான் பார்த்ததே இல்லை.

யாரோ போன் போட்டிருக்க வேண்டும். பொழுது சாயும் நேரத்துக்குக் கூடலூரிலிருந்து பெரிய மாமா ஜீப்பில் வந்து இறங்கினார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. மாமியாருக்கு ஒரு கும்பிடு போட்டார், மரியாதைக்குக் குறைச்சலில்லை. "அவங்ககிட்டச் சொல்லு. நாங்க சொந்தபந்தம் எல்லாம் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்துச் சொல்றோம்" என்றார்.

அம்மா கை துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "உங்களக் கேக்கலீங்ணா" என்றார்.

"என்ன சொல்றே?"

"அவங்க உங்களக் கேக்க வரல. என்னையத்தான் கேட்டாங்க. அத்தனை தொலைவிருந்து வந்து, மழைல நின்னு, என்னையக் கேட்டாங்க. நான் சொல்லிக்கறேன். நீங்க உக்காந்து டீ குடிங்க."

மாமா உட்கார்ந்தார். வேறென்ன செய்வார்? அம்மா இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அம்மா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மாமியாரின் கையை விரித்துப் பிடிக்கச் சொன்னார். என் கையை எடுத்து அதன்மேல் வைத்து, தன் இடது கையால் பிடித்துக்கொண்டார். அம்மா கை என்மேல் பட்டு எத்தனை காலம்! மூன்று கைக்கும் மேலே செம்பைச் சாய்த்துத் தண்ணீர் விட்டார். நடுவட்டத்துத் தண்ணி, கை விறைத்துப்போயிற்று. கொழுந்துப் பெண்களில் ஒருத்தி சட்டென்று குலவை போட்டாள். அடுத்த நொடி எல்லோரும் போட்டார்கள்.

"இது என்ன என்று கேள்" என்றார் மாமியார்.

நான் கேட்பதற்குள் அம்மாவே சொன்னார். நான் அழுதுகொண்டே இங்கிலீஷில் சொன்னேன்.

"பொண்ணத் தாரை வாத்துக் குடுத்துட்டேன்னு சொல்லு. இங்கயே கல்யாணம் நடந்திருந்தா இதை உங்க மாமனும் அத்தையும்தான் பண்ணியிருப்பாங்க. தாலியறுத்தவ மணவறைப் பக்கம் வரக்கூடாதும்பாங்க, நான் எங்கயோ பின்னால பந்திக்கு எலை எடுத்துட்டு நின்னிருப்பேன். அவங்க வந்து என்னையக் கேட்டதால, நான் பெத்தவள நானே குடுத்தேன். அப்படியே சொல்லு. கொறைக்காதே."

குறைக்கவில்லை. மாமியார் வெகுநேரம் அம்மாவின் கையை விடவில்லை. இரண்டு பேர் உள்ளங்கையும் தேயிலைக் கறையும் தீக்காயமுமாகக் காய்ப்புக் காய்த்திருந்தன. மாமியார் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இவ்வளவு நல்லது எனக்கு நடக்க நான் என்ன செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை நான் எழுதலாமா என்று உன் அம்மாவிடம் கேள்" என்றார்.

கேட்டேன். அம்மா செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"எழுதட்டும்" என்றார். "யாரோ ஒரு டீக்கடைக்காரின்னு போட்டுர வேண்டாம்னு சொல்லு. மாராத்தாள்னே போடச் சொல்லு."